எட்டு ஜி.பி. குரல்

பிப்ரவரி 3, சனி

தேவையில்லாமல் பேசக்கூடாது, சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பஸ் கம்பெனி பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எழுதுகிறேன்.

சென்னியப்பன், வயது ஐம்பத்தெட்டு. ஈரோடு பேருந்து நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வர வேண்டும், எத்தனைக்கு வெளியே போக வேண்டும் என்று பார்ப்பதும், நகராமல் நிற்கிற வண்டியை விரட்டுவதும் என் வேலை. முப்பத்தொரு வருடம் மைக் இல்லாமல் விரட்டியிருக்கிறேன். நான் கத்தினால் மணிக்கூண்டு வரை கேட்கும் என்று கண்டக்டர்கள் சொல்வார்கள்.

வருகிற 21ஆம் தேதி கோவையில் அறுவை சிகிச்சை. தொண்டையில் உள்ள கட்டியோடு குரல் பெட்டியையும் எடுத்துவிடுவார்களாம். "உயிருக்கு ஒண்ணும் பயமில்லை, குரல் மட்டும் இருக்காது" என்றார் டாக்டர். மட்டும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பெரிதாகப் பயம் ஒன்றும் இல்லை.

பேச்சுப் பயிற்சி தருகிற எஸ்தர் மேடம் ஒரு பென்டிரைவ் கொடுத்தார். அதில் ஒரு புரோகிராம் இருக்கிறது. முந்நூறு வாக்கியங்களை அது திரையில் ஒவ்வொன்றாகக் காட்டும். நான் வாசிக்க வேண்டும். ஒழுங்காக வாசித்தேனா என்று அதுவே சரி பார்த்துத்தான் அடுத்ததற்குப் போகும். எல்லாம் முடிந்தால் என் குரலைப் போலவே ஒரு குரலை அது உண்டாக்கிவிடும். அதன் பிறகு நான் எதைத் தட்டினாலும் கம்ப்யூட்டர் என் குரலில் பேசும். செல்போனில் பதிந்து கொடுத்தால் ஏற்காதாம். 21க்கு முன்னால் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு பதிவதற்குக் குரல் கிடையாது.

எஸ்தர் மேடத்தை நான் முன்பின் பார்த்ததில்லை. எனக்காக அரை மணி நேரம் செலவு செய்தார். நல்லா இருக்கட்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மகள் மைதிலி கல்லூரியில் வைத்திருந்த லேப்டாப்தான் வீட்டில் இருக்கிறது. கல்யாணமாகி ஓசூர் போனபோது விட்டுவிட்டுப் போனாள். அதில் புரோகிராமைப் போட்டேன். ஏழாவது வாக்கியத்தில் திரை உறைந்து நின்றது. மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை நான்காவதிலேயே நின்றது.

மைதிலியிடம் போனில் கேட்டோம். "அப்பா, அதுல நாலு ஜி.பி. ரேம்தான் இருக்குது. இந்த புரோகிராமுக்கு எட்டு கேக்குது. ரேம் ஏத்துனா ஓடும். நீங்களா எதுவும் வாங்காதீங்க, கடையில கழட்டிப் பாத்துட்டு வாங்குங்க" என்றாள். புதிதாக லேப்டாப் வாங்கும் நிலைமை இப்போது இல்லை. தன் ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவருவதாகச் சொன்னாள். அதில் வேறு எதையும் ஏற்ற விடமாட்டார்களாம். அவள் சொன்னதே போதும்.

பிப்ரவரி 5, திங்கள்

கழற்றிப் பார்ப்பானேன். அடியில் ஸ்டிக்கர் இருக்கிறது, அதில் மாடல் நம்பர் இருக்கிறது. பஸ் நம்பர் தெரிந்தால் பஸ்ஸின் ஜாதகமே தெரிந்துவிடும். நம்பரைக் குறித்துக்கொண்டு மேட்டூர் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். பையன் கம்ப்யூட்டரில் பார்த்து ஒரு ரேமை எடுத்துக் கொடுத்தான். விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு. இதற்குள்ளா இத்தனை சங்கதி என்று ஆச்சரியமாக இருந்தது.

பிப்ரவரி 6, செவ்வாய்

பொருந்தவில்லை.

அகில்மேடு வீதியில் ஷாஹிதா என்கிற பெண் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறது. நாற்பது வயதிருக்கும். எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் அடி மூடியைக் கழற்றி, நான் வாங்கிய தகட்டையும் உள்ளே இருந்த தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. இரண்டிலும் கீழ் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. ஒன்றில் இருக்கும் இடத்தில் மற்றதில் இல்லை.

"இது நாலாந் தலைமுறைங்ணா. உங்க லேப்டாப்பு மூணாந் தலைமுறை. தப்பானது உள்ள போகக்கூடாதுன்னுதான் வெட்டையே மாத்தி வெச்சிருக்காங்க. எந்த நம்பரப் பாத்து வாங்குனீங்க?"

ஸ்டிக்கரைக் காட்டினேன். ஷாஹிதா நகத்தால் சுரண்டியது. காய்ந்த சந்தனமும் குங்குமமும் பொடியாக உதிர்ந்தன. நான் கடைசி எண்ணைப் பூஜ்யம் என்று வாசித்திருந்தேன். அது ஆறு. அதன் தலையின் மேல் குங்குமம்.

ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் என் மனைவி வசந்தாமணி பைக், மிக்ஸி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். மேல் மூடியில் வைத்தால் கறைபடுகிறது என்று மைதிலி சண்டை போட்டதால், லேப்டாப்புக்கு மட்டும் திருப்பிப் போட்டு அடியில் வைத்திருக்கிறாள். ஏழு வருடத்துப் பொட்டு.

வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். பேசக்கூடாது என்றுதான் சொன்னார்கள், ஆனால் கோபம் வந்துவிட்டது. அவள் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு ஸ்டிக்கர் முழுவதையும் பதமாகத் துடைத்து வைத்தாள். இப்போது எல்லா எண்ணும் தெரிகிறது.

பிப்ரவரி 8, வியாழன்

குரல் நேற்றைவிட இன்று கம்மிவிட்டது. எஸ்தர் மேடத்துக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். "கரகரப்பா இருந்தாலும் பரவாயில்லைங்க ஐயா, அதுவும் உங்க குரல்தான். ஆனா சீக்கிரம் ஆரம்பிங்க" என்று பதில் வந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்று நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

முந்தாநாள் லேப்டாப்பை மறுபடி கடையில் விட்டபோதே ஷாஹிதா சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தது: டி.டி.ஆர். மூன்று, எல், நாலு ஜி.பி. கூடவே வாயாலும் சொன்னது. "இதுல ரெண்டு ஸ்லாட் இருக்குதுங்ணா. ஒண்ணுல நாலு இருக்குது, ஒண்ணு காலி. காலியா இருக்கறதுல இன்னொரு நாலு போட்டா எட்டு. ஒரே தகட்டுல எட்டு வேண்டாம், இந்த மாடல் அத எடுத்துக்காது. எங்கிட்ட ஸ்டாக் இல்லீங்ணா, வெளியில பாருங்க."

இரண்டாவது கடையில், "மூணு இருக்குதுங்க, எல் இல்லீங்க" என்றார்கள். நான் அதையே கொடுக்கச் சொன்னேன். காரணம் இருக்கிறது. எங்கள் பஸ்களில் எல்.எஸ்.எஸ். என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். சில இடங்களில் மட்டும் நிற்கும் வண்டி என்று அர்த்தம். ஆனால் கை காட்டுகிற இடத்திலெல்லாம் நிற்கும். முப்பத்தொரு வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து, எல் என்றால் பலகைக்கு அழகுக்காக எழுதுவது என்று மனதில் பதிந்துவிட்டது.

கடைக்குப் போனபோது ஷாஹிதா சாப்பிடப் போயிருந்தது. மூடி கழற்றியபடியே மேஜையில் லேப்டாப் இருந்தது. காத்திருக்க எனக்கு எப்போது பொறுமை இருந்திருக்கிறது. காலி ஸ்லாட்டில் தகட்டை நானே அழுத்தினேன். வெட்டு சரியாகப் பொருந்தியது. பட்டனைத் தட்டினேன். திரை கறுப்பாகவே இருந்தது. பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியாமல் நின்றேன். அந்தப் பெண் வந்து சேர்வதற்குள் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. இருக்கிற லேப்டாப்பும் போய்விட்டது, இனி பதிவதற்கு வழியே இல்லை என்றுதான் நினைத்தேன்.

ஷாஹிதா முதலில் பேட்டரியைக் கழற்றியது. பிறகு நான் போட்டதை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

"எல்லுன்னா கொறஞ்ச வோல்டேஜுங்ணா. இந்த லேப்டாப்பு கொஞ்சமாத்தான் கரண்டு குடுக்கும். நீங்க போட்டது ஜாஸ்தி கேக்கும். அது கேக்கறது இங்க இல்ல, அதான் எந்திரிக்கல."

பழைய தகட்டை வெளியே எடுத்து, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் நிதானமாகத் தேய்த்தது. ஊதியது. திரும்பப் போட்டது. விளக்கு எரிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் தண்ணீர் கொடுத்தது. சொந்தத் தங்கைகூட நாலு வார்த்தை திட்டியிருப்பாள்.

பிப்ரவரி 12, திங்கள்

ஈரோட்டில் எங்குமே கிடைக்கவில்லை. பழைய சரக்காம், இப்போது யாரும் வாங்கி வைப்பதில்லையாம். நேற்றும் இன்றும் அலைந்தேன். "சட்டை நனைஞ்சு போச்சு, மாத்துங்க" என்றாள் வசந்தாமணி. இன்னும் ஒன்பது நாள்.

பிப்ரவரி 14, புதன்

கோவையில் ஷாஹிதாவுக்குத் தெரிந்த கடையில் ஒன்றே ஒன்று இருக்கிறதாம். கூரியரில் போட்டால் இரண்டு நாள் ஆகும். பஸ்ஸில் கொடுத்தால் மூன்று மணி நேரம். இந்த ஊரில் கல்யாணப் பத்திரிகையிலிருந்து மாட்டு மருந்து வரைக்கும் பஸ்ஸில்தான் வருகிறது. "எந்த வண்டியில குடுக்கச் சொல்லட்டுங்ணா?" என்று அது கேட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளை அந்தக் கடை திறந்ததும் கோவையில் கிளம்புகிற எங்கள் வண்டி ஒன்றுதான் இருந்தது. அதன் கண்டக்டர் ராக்கியப்பன்.

ராக்கியப்பனுக்கும் எனக்கும் பதினைந்து வருடமாக ஆகாது. 9.44க்கு எடுக்க வேண்டிய வண்டியை ஆள் ஏறட்டும் என்று 9.46 வரை நிறுத்துவான். நான் பதிவேட்டில் எழுதுவேன். ஒரு தடவை நான் எழுதியதால் ஒரு வாரம் அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து முகம் பார்த்துப் பேசியதில்லை.

நானே போன் செய்தேன். என் குரலை அவனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. யார் என்று சொல்லி, விஷயத்தையும் சொன்னேன். "கடை பேரு சொல்லு" என்றான்.

பிப்ரவரி 15, வியாழன்

வண்டி நேரத்துக்கு வந்தது. நான் விடுப்பில் இருக்கிறேன், இருந்தாலும் நடைமேடையில் நின்றேன். ராக்கியப்பன் இறங்கி வந்து சட்டையின் மேல் பாக்கெட்டிலிருந்து வெள்ளிக் காகித உறையை எடுத்தான்.

"பைக்குள்ள போடலப்பா, சில்லறையோட உராஞ்சா கெட்டுப் போயிரும்னு கடைக்காரர் சொன்னாரு. நெஞ்சுலயே வெச்சுட்டு வந்தேன்."

நன்றி என்று சொன்னேன். பாதி காற்றுதான் வந்தது. அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உன்ற கத்தல் இல்லாம ஸ்டேண்டே வெறிச்சுன்னு இருக்குதப்பா" என்றான். அவனுக்குக் கண் கலங்கியது. எனக்கும். பேசிக்கொண்டே நின்றதில் வண்டி மூன்று நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. எனக்குப் பதிலாக வேலை பார்க்கிற ஆள் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

ஷாஹிதா தகட்டைச் சாய்வாக நுழைத்து மெல்ல அழுத்தியது. க்ளிக். திரை உடனே எரிந்தது. மொத்தம் எட்டு என்று காட்டியது. சும்மா நம்பக்கூடாது என்று ஒரு சோதனை ஓடவிட்டு, முக்கால் மணி நேரம் காத்திருந்து, குறை ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகுதான் என்னிடம் தந்தது.

பிப்ரவரி 16, வெள்ளி

எழுபது வாக்கியம். ஓர் இடத்திலும் உறையவில்லை. "ஆற்றில் தண்ணீர் குறைவாக ஓடுகிறது." "மாமா பம்பரம் வாங்கி வந்தார்." இப்படியெல்லாம் வாசிக்கச் சொல்கிறது. எனக்குப் பம்பரம் வாங்கித் தர மாமா கிடையாது. வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இருநூற்றைம்பது முடிந்தது. கடைசி ஐம்பதை நாமே எழுதிக்கொள்ளலாமாம். நீங்கள் தினமும் சொல்கிறவற்றையே எழுதுங்கள், அப்போதுதான் உங்கள் பேச்சு மாதிரி வரும் என்று எஸ்தர் மேடம் எழுதியிருந்தார்.

"காங்கயம், வெள்ளகோயில், கரூர் வண்டியெல்லாம் ஏறு." "யாருய்யா அது, வண்டிய எடு." இப்படி முப்பத்தாறு மளமளவென்று வந்துவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. வீட்டில் சொல்வதில் ஒரு பதினாலு எடுத்துச் சொல் என்று வசந்தாமணியைக் கேட்டேன். அவள் விரலை மடக்கினாள்.

"காப்பி ஆறிப் போச்சு. செருப்பு எங்க வெச்ச. கதவச் சாத்து. ஃபேனப் போடு..." ஐந்தாவது விரலோடு நின்றுவிட்டாள். "பதினாலுக்கு வராதுங்க" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. கணக்கைச் சொன்னாள். அவ்வளவுதான். மீதி ஒன்பதுக்கும் பஸ் ஊர்களின் பேர்களையே போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 19, திங்கள்

முந்நூறும் பதிந்தாயிற்று. மதியம் முழுவதும் லேப்டாப் தனக்குத்தானே ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பாகம் சுட்டதால் வசந்தாமணி இரண்டு மரக்கரண்டிகளை அடியில் கொடுத்துத் தூக்கி வைத்தாள். ஐந்து மணிக்குத் தயார் என்றது. "ஈரோடு" என்று தட்டினேன். கரகரப்போடு நானே சொன்னேன். மைதிலிக்குப் போனில் போட்டுக் காட்டினோம். அவள் அழுதாள்.

எஸ்தர், ஷாஹிதா, ராக்கியப்பன், மைதிலி. நான்கு பேரும் நல்லா இருக்க வேண்டும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

கோவைக்கு வந்து சேர்ந்தோம். நாளை காலை எட்டு மணிக்கு.

மார்ச் 9, சனி

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறேன். மேலே ஒரு மெல்லிய துணி கட்டியிருக்கிறது. கஞ்சி வாயால் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ருசி கம்மிதான், இருந்தாலும் வாயால் குடிப்பது ஒரு பெரிய சுகம்.

அன்று தள்ளுவண்டியில் என்னை உள்ளே கொண்டுபோனபோது வசந்தாமணி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் ஏதோ சொல்ல வேண்டும் போல இருந்தது. "கட்டைப்பையப் பாத்துக்க, அதுல லேப்டாப்பு இருக்குது" என்றேன். தலையை ஆட்டினாள். கதவைச் சாத்திவிட்டார்கள். என் சொந்தத் தொண்டையால் பேசிய கடைசிப் பேச்சு அதுதான் என்பது வார்டில் நான்காம் நாள்தான் எனக்கு உறைத்தது.

மார்ச் 16, சனி

கம்ப்யூட்டரில் பேசிப் பழகுகிறேன். டாக்டரிடம் அதை வைத்துத்தான் பேசினேன். ராக்கியப்பன் வந்திருந்தான். "வண்டிய எடுய்யா" என்று தட்டிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். வசந்தாமணியிடம் மட்டும் கையைக் காட்டினாலே புரிந்துகொள்கிறாள், அதனால் அவளிடம் தட்ட வேண்டிய தேவை வரவில்லை. ஆனால் நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எஸ்தர் மேடத்திடம் கேட்டு அவளும் தட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்கு முடியாமல் போகிற நாளில் யாராவது தட்ட வேண்டும் இல்லையா என்றாள்.

மார்ச் 24, ஞாயிறு

காலையில் ரேஷன் கடை வரை நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். வெயில் ஏறிவிட்டதால் பாதியிலேயே திரும்பினேன். கேட் திறந்தே கிடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ விருந்தாளி என்று நினைத்தேன். பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

"வசந்தாமணி, இன்னைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள். தட்டி முடித்து, பட்டனை அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வசந்தாமணி, நீ சாப்பிட்டியா?"

"ம். ஆச்சுங்க" என்று லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னாள்.

மறுபடி தட்டினாள். இந்தத் தடவை நெடுநேரம் ஆயிற்று.

"அத்தன நாளும் ஆஸ்பத்திரியில தனியா இருந்து சிரமப்பட்டுட்ட."

இதைக் கேட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முப்பத்துநான்கு வருடம். என் குரலிலிருந்து இந்த வார்த்தைகளை அவள் கேட்பது இன்றுதான் முதல் தடவை. அதையும் அவளே தட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது. போன மாதம் நன்றி சொல்ல நான்கு பேரை வரிசையாக எழுதியிருக்கிறேன். அதில் இவள் பேர் இல்லை.

சத்தமில்லாமல் தெருவுக்குப் போய், கேட்டை ஓசைப்படத் தள்ளிக்கொண்டு மறுபடி வந்தேன். உள்ளே நுழைந்தபோது லேப்டாப் மூடியிருந்தது. அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் கூடத்தில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். என் விரலும் அவளுடையதைப் போல எழுத்தைத் தேடித் தேடித்தான் போகிறது. அழுத்தினேன்.

"வசந்தாமணி, இங்க வந்து கொஞ்ச நேரம் உக்காரு."

கரண்டி வைக்கிற சத்தம் கேட்டது. கையைத் துடைத்தபடி நிலைப்படிக்கு வந்தாள். லேப்டாப்பைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பிறகு வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

அடுத்ததைத் தட்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.